அப்பாவிகள் அல்லர்

பெரம்பலூர்ப் பக்கத்து எறையூருக்கு இன்று சர்க்கரை ஆலை என்று ஒரு முகவரி இருக்கிறது. சிப்காட் வந்திருக்கிறது, செருப்புத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆலை வந்ததே 1970-களில்தான். அதற்கு முன்பு இந்தப் பக்கத்தில் வானம் பார்த்த கரிசலை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. மழை பொய்த்தால் கப்பல் ஏறுவது ஒன்றுதான் வழி. பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் எல்லாம் அன்றைய திருச்சி ஜில்லாவின் தாலுகாக்கள். மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு அதிகமாக ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் திருச்சியும் தஞ்சாவூரும் சேலமும் வடஆற்காடும் முன்வரிசை.

அப்படிப் போனவர்களைப் பற்றி இங்கே எவரைக் கேட்டாலும் ஒரே கதைதான். "ஒன்னும் தெரியாத ஜனங்க. கங்காணி ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போயிட்டான். அங்க வெள்ளைக்காரன் மாடு மாதிரி வேலை வாங்கினான், அப்புறம் சப்பான்காரன் வந்து சயாம் ரயில் பாதைக்கு அள்ளிட்டுப் போய்க் கொன்னுட்டான்." டீக்கடையில் மட்டுமல்ல, மேடையிலும் இதே கதை, பத்திரிகைச் சிறப்பிதழிலும் இதே கதை. சொல்கிறவர்கள் கண்கலங்கித்தான் சொல்கிறார்கள். அவர்களுடைய கண்ணீரை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் போனவன் ஒரு காரியமும் செய்வதில்லை. அவனை ஏமாற்றுகிறார்கள், ஏற்றுகிறார்கள், அடிக்கிறார்கள், சாகடிக்கிறார்கள். ஒரு தடவையாவது அவன் வாயைத் திறந்தான் என்று கதை சொல்வதில்லை. அவன் வாயைத் திறந்தான். அதற்குத் தேதியும் இடமும் இருக்கின்றன.

முதலில் "ஒன்னும் தெரியாத ஜனங்க" என்பதைப் பார்ப்போம். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. அதற்குப் பிறகு ஆள் சேர்த்த கங்காணி பெரும்பாலும் தன் ஊருக்கும், தன் சாதிக்கும், பங்காளி வீட்டுக்கும் வந்துதான் ஆள் கேட்டான். தோட்டத்தில் இருந்து திரும்பியவர் அடுத்த தெருவில் இருந்தார். போய் வந்தவர் மறுபடி போனார். 1930-ஐ ஒட்டிய பெருமந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளரைத் தோட்டங்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பின. அவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கி ஊர் வந்து சேர்ந்தார்கள். நாலைந்து வருடத்தில் தோட்டங்கள் மீண்டும் ஆள் கேட்டபோது அதே ஊர்களிலிருந்து மறுபடி கப்பல் ஏறினார்கள். தோட்டம் என்றால் என்ன, துரை என்றால் யார், லயம் என்ற கூலி வரிசை வீட்டில் எத்தனை பேர் படுப்பார்கள், கள்ளுக்கடை கூலியில் எவ்வளவு தின்னும் என்பதெல்லாம் தெரிந்தே ஏறினார்கள். மலாயாவில் துன்பம் இருக்கும் என்று தெரியாமல் போகவில்லை. இங்கே இருப்பதை அதோடு ஒப்பிட்டுவிட்டுப் போனார்கள். பண்ணையாளாக இருந்தவனுக்கு ஒப்பிடுவது கடினமான கணக்கும் அல்ல. அங்கே கூலி காசாகக் கைக்கு வரும். இங்கே வருஷம் முழுக்க உழைத்த பின்பும் கடன் நிற்கும். சேரியில் பிறந்தவனுக்குக் கூலிக்கு அப்பாலும் ஒரு காரணம் இருந்தது. அதை விளக்க வேண்டியதில்லை.

கங்காணி பொய் சொன்னானா? சொன்னான். தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்குகிறவன் உண்மையை மட்டும் பேசுவானா என்ன? கேட்டவர்களுக்கும் அது தெரியும். இன்று துபாய்க்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்ட் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நம் பையன்கள் பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். அந்தப் பாதியைக் கழிக்கத் தெரிந்த புத்தி 1935-இல் மட்டும் இல்லாமல் போய்விட்டதா?

அடுத்தது பணிவு. தமிழன் அடங்கிப் போவான், சீனன் மல்லுக்கு நிற்பான், அதனால்தான் தோட்டத்துக்குத் தமிழன் என்பது தோட்ட முதலாளிகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட நியாயம். அவர்கள் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. அதையே நாம் கருணை முலாம் பூசித் திருப்பிச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1941-ஐப் பாருங்கள். ஐரோப்பாவில் போர் நடக்கிறது. மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும்தான் பிரிட்டனுக்கு அமெரிக்க டாலர் சம்பாதித்துக் கொடுக்கின்றன. ரப்பர் விலை ஏறிவிட்டது, அரிசி விலையும் ஏறிவிட்டது, கூலி மட்டும் ஏறவில்லை. பெருமந்தத்துக்கு முன்பு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாள்கூலி மந்தத்தில் வெட்டப்பட்டது. இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி வந்து பார்த்துப் பரிந்துரை எழுதிய பிறகு திரும்பி வந்தது, 1938-இல் மறுபடி வெட்டப்பட்டது. அந்த வெட்டைக் கண்டித்துத்தான் இந்திய அரசு அந்த ஆண்டு மலாயாவுக்குக் கூலியாள் அனுப்புவதையே தடை செய்தது. புதிய ஆள் வரத்து நின்றதும் இருக்கிற ஆளுக்கு மதிப்பு கூடியது. இதைத் தோட்ட முதலாளிகளைவிட முன்னதாகப் புரிந்துகொண்டவர்கள் தோட்டத்தில் இருந்தவர்கள்தான்.

சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒவ்வொரு தோட்டமாக வேலை நின்றது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தில் பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் முன்னின்றார். கோரிக்கைப் பட்டியல் இன்றும் கிடைக்கிறது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு, கொடுமைக்கார அலுவலர்களை நீக்கித் தமிழ் பேசுகிறவர்களை அமர்த்துவது, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, மருத்துவம், கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் துரைகளும் 'கறுப்புத் துரைகள்' எனப்பட்ட ஆசிய அலுவலர்களும் கைநீட்டுவதை நிறுத்துவது, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகச் சுதந்திரம், பேசவும் கூட்டம் போடவும் சங்கம் வைக்கவும் உரிமை, குறை சொன்னவனைப் பழிவாங்காதிருப்பது. நடுவில் ஒன்று: துரையோ கிராணி என்ற தோட்டத்து எழுத்தரோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

இந்தச் சைக்கிள் கோரிக்கையைச் சிலர் சில்லறை விஷயமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டியலிலேயே கனமானது அதுதான். இருட்டு விலகும் முன் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று பெயர் கொடுத்து, உளியோடு தன் நிரைக்குப் போய், கட்டை காயப்படாமல் பட்டையை மட்டும் சீவி, மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து, இரண்டு வாளியையும் காண்டா என்ற காவடித் தடியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வந்து ஸ்டோரில் அளந்து கொடுக்கிறவன் அவன். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறான். அதிலிருந்து இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். ஊரில் மேலத்தெரு வழியாகச் செருப்போடு நடக்கக் கூடாது என்றிருந்தது அல்லவா, கடல் கடந்து போனவன் அதை அங்கேயும் கண்டான். இந்த முறை முடியாது என்றான். ஒன்றும் தெரியாதவனுக்கு இப்படி ஒரு கோரிக்கை எழுத வராது.

முதலில் 5 காசு கூட்டித் தருவதாகச் சொன்னார்கள். மே 5-ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடச் சொல்லி வேலைநிறுத்தம் முன்னைவிடப் பெரிதாகப் பரவியது, பல்லாயிரம் பேர் வெளியே வந்தார்கள். மே 16-இல் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. படை வந்தது, அதுவும் இந்தியப் படை. 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். போருக்கு வேண்டிய சரக்கைத் தடுக்கிறார்கள், இது எதிரியின் சதி என்றது நிர்வாகம். கூலிக்காரன் தன்னால் யோசித்திருப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நமக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் புகார்.

போர்க்காலத்தில் வந்தேறித் தொழிலாளியைப் பிரிட்டன் இப்படி நடத்தியது அது முதல் தடவையும் அல்ல. முதல் உலகப்போரின்போது லண்டனின் கிழக்குப் பகுதியில் ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த யூதத் தையற்காரர்கள் நெருக்கடியான பட்டறைகளில் இராணுவச் சீருடை தைத்துக் கொண்டிருந்தார்கள். சண்டைக்குப் போகாமல் நம் வேலையைப் பறிக்கிறார்கள் என்று அக்கம்பக்கம் ஏசியது. 1917-இல் ரஷ்யாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, பிரிட்டிஷ் படையில் சேர், இல்லாவிட்டால் எந்த ஆட்சிக்குப் பயந்து ஓடி வந்தாயோ அந்த நாட்டுப் படைக்கே திரும்பிப் போ என்றார்கள். அந்த ஆண்டு லீட்ஸிலும் லண்டனின் பெத்னல் கிரீனிலும் யூதர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. அந்த மக்கள் சங்கம் கட்டினார்கள், பாதுகாப்புக் குழு அமைத்தார்கள், தங்கள் இத்திஷ் மொழியில் பத்திரிகை நடத்தி வாதாடினார்கள். இன்று அவர்களுடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தச் சங்கங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர்களை "ஒன்றும் அறியாத ஜனங்கள்" என்று எவரும் எழுதுவதில்லை. ரப்பர் சீவியவனுக்கு மட்டும் நம் வீட்டிலேயே அந்த மரியாதை கிடைக்கவில்லை.

கிள்ளானில் துப்பாக்கி வெடித்து ஏழு மாதத்துக்குள், டிசம்பர் 8-இல், ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். பினாங்கிலிருந்து ஐரோப்பியர்கள் இரவோடு இரவாகப் படகேறிப் போய்விட்டார்கள். மற்றவர்களுக்குச் சொல்லக்கூட இல்லை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. ரப்பருக்குச் சந்தை போனது, தோட்டத்துக்குப் படியளக்க ஆளில்லை. மலாயா அரிசிக்கு எப்போதும் பர்மாவையும் சயாமையும் நம்பியிருந்த நாடு. அரிசி நின்றதும் மரவள்ளிக்கிழங்கு, கந்தலும் நைந்த பிறகு கோணிச்சாக்கு, கையில் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு. இங்கே பெரம்பலூர்ப் பக்கத்து வீடுகளுக்குக் கடிதமும் மணியார்டரும் நின்றுபோயின, 1945 வரை.

இந்த நிலையில்தான் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதை வேலைக்கு ஆள் கேட்டார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்), சாப்பாடு, இடம். தொடக்கத்தில் சிலர் தாமாகவே பெயர் கொடுத்தார்கள். இதைச் சுட்டிக்காட்டி "ஆசைப்பட்டுப் போனார்கள் பார்" என்று பேசுகிறவர்கள் உண்டு. லயத்தில் பட்டினி கிடக்கும் குடும்பத்தலைவன் ஒரு வெள்ளிக் கூலிக்கு ஒப்புக்கொண்டால் அதன் பெயர் ஆசையா? போனவர்களிடமிருந்து தகவல் வராததும் தோட்டங்கள் விழித்துக்கொண்டன, பெயர் கொடுப்பது நின்றது. தாமாக யாரும் வராததால்தான் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு விதித்தார்கள். கிராணியும் கங்காணியும் பட்டியல் எழுதினார்கள். யார் பெயர் அதில் முதலில் ஏறியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பிறகு லாரியில் வந்து சாலையிலேயே பிடித்தார்கள். இலவசப் படம் என்று கூட்டிக் கதவைச் சாத்தி ஏற்றியதை உயிர் மீண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆட்கள் காட்டுக்குள் ஒளிந்தார்கள், வேறு தோட்டத்துக்கு ஓடினார்கள், முகாமிலிருந்தும் தப்பினார்கள். அடங்கிப் போகிறவர்கள் என்றால் இத்தனை வலை எதற்கு?

415 கிலோமீட்டர்ப் பாதை. 1943 அக்டோபர் 17-இல் இரு முனையும் சேர்ந்தன. அறுபதாயிரம் போர்க்கைதிகளில் சுமார் 13,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள், பெரும்பாலோர் தமிழர். தாய்லாந்து என்று இன்று அழைக்கப்படும் சயாமின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் ஒழுங்காகப் பெயர் பொறித்து நிற்கின்றன. தமிழனுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இதற்கு எல்லோரும் 1957-இல் வந்த "குவாய் நதிப் பாலம்" படத்தைத் திட்டுவார்கள். திட்டலாம்தான். மூல நாவலை எழுதிய பியர் பூல் போருக்கு முன்பு மலாயா ரப்பர் தோட்டத்திலேயே வேலை பார்த்தவர். தினமும் தமிழ் முகங்களைப் பார்த்த மனிதரின் கதையில் பாலம் கட்டத் தமிழனைக் காணோம். ஆனால் அது வெள்ளைக்காரன் தன் ஆட்களைப் பற்றிச் சொன்ன கதை, அதில் நம்மைத் தேடுவது நம் சோம்பல். நாம் என்ன சொன்னோம்? மலேசியாவில் ஆர். சண்முகம் "சயாம் மரண ரயில்" எழுதினார், அ. ரெங்கசாமி "நினைவுச் சின்னம்" எழுதினார். தமிழ்நாட்டில் எத்தனை நூலகத்தில் அவை இருக்கின்றன என்று பார்த்துவிட்டு அப்புறம் ஹாலிவுட்டைத் திட்டுவோம்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. போர்க்கைதிகளின் நினைவுக் குறிப்புகளில் ஒரு விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழர்களுக்குச் சுகாதாரம் தெரியாது, ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள், விதியே என்று படுத்துவிட்டார்கள், அதனால் காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள் என்று. நம்மவர்களும் இதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்க என்னென்ன வேண்டும்? அண்டா வேண்டும், விறகு வேண்டும், அதற்கென்று ஓர் ஆளை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும், கொதிக்காததை எவனும் தொடாதபடி அதட்ட ஒரு தலைவன் வேண்டும். பட்டாளமாகப் பிடிபட்டவர்கள் பட்டாளமாகவே வந்தார்கள். அதிகாரி கூட இருந்தார், டாக்டர் கூட இருந்தார், கக்கூஸ் எங்கே வெட்டுவது என்று கட்டளையிட ஆள் இருந்தது. அப்படியிருந்தும் ஐந்தில் ஒருவர் செத்தார்கள். தமிழர்கள் நாலு தோட்டத்திலிருந்து நாலு பேர் என்று சிதறலாக வந்தார்கள், சிலர் மனைவி மக்களோடு வந்தார்கள். டாக்டர் இல்லை, காவலாளியின் பாஷை தெரியாது, தங்களுக்காகப் பேச ஒருவனும் இல்லை. 1943 நடுவில்தான் கைதிகளான மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கொண்ட சிறு குழுக்களை அவர்களிடம் அனுப்பினார்கள். காலரா அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

அவர்களுக்காகப் பேசக்கூடியவர்கள் எங்கே போனார்கள்? ஒருவரைக் கப்பலேற்றியாயிற்று, பலரைச் சிறையில் போட்டாயிற்று, சங்கம் என்ற சொல்லே குற்றமாகிவிட்டது. இரண்டே வருடம் முன்புதான் தோட்டம் தோட்டமாகக் குழு அமைத்து, ஒரே நாளில் வேலையை நிறுத்தத் தெரிந்த கூட்டம் இது. அந்த அமைப்பு உயிரோடு இருந்திருந்தால் ஜப்பானியர் வந்தபோது என்ன ஆகியிருக்கும் என்று நிறுவ என்னால் முடியாது. ஆனால் 1943-இன் சாவுக்கு "விதியே என்று கிடந்தார்கள்" என்று காரணம் சொல்கிறவர், 1941 மே மாதத்தைத் தாண்டிக் குதித்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் பால்மரம் சீவிய பெண்கள் நிறைய. சயாமுக்குப் பயந்தும் சோற்றுக்காகவும் சேர்ந்தார்கள் என்று ஒரு கட்சி. நேதாஜியின் பேச்சில் மயங்கிச் சேர்ந்தார்கள் என்று மறு கட்சி. இரண்டு கட்சிக்கும் சேர்ந்தவர்களின் புத்தியில் நம்பிக்கை இல்லை. சயாமுக்கும் போகக் கூடாது, வயிறும் நிறைய வேண்டும், சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னவனையும் எதிர்க்க வேண்டும் என்று ஒரே ஆள் ஒரே சமயத்தில் நினைக்க முடியாதா?

போர் முடிந்து துரைகள் திரும்பினார்கள். உயிரோடு வந்தவர்கள் அவர்களிடம் நன்றியோடு வேலைக்குப் போனார்களா? கெடாவில் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1946, 1947 முழுக்க வேலைநிறுத்தம். தஞ்சை மாவட்டத்தில் பிறந்த எஸ். ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1949 மே 4-இல் அவரைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். கிள்ளானில் தொடங்கியது இடையில் செத்துப்போயிருந்தால் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

இதையெல்லாம் நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பரிதாபக் கதையால் கைக்காசு நஷ்டம் உண்டு. 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16-ஆம் விதி ஜப்பானியச் சொத்திலிருந்து நஷ்டஈடு தரச் சொன்னது நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு மட்டும். பிரிட்டிஷ் கைதிக்கு அதில் சுமார் 76 பவுன் வந்தது. போதாது என்று அவர்கள் விடாமல் கேட்டு 2000-இல் தங்கள் அரசிடமிருந்து 10,000 பவுன் வாங்கினார்கள். மலேசியாவுக்கு ஜப்பான் 1967-இல் 2.5 கோடி வெள்ளி பெறுமான உதவி தர ஒப்புக்கொண்டது. அது அரசுக்கு அரசு கொடுத்தது. நாளுக்கு ஒரு வெள்ளி என்று பேசி அழைத்துப் போனவனின் கூலி பாக்கியை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அண்மையில் காஞ்சனபுரியில் தமிழர் நடுகல் எழுந்தது, தமிழ்நாடு அரசும் பணம் தந்தது. நல்ல காரியம். ஆனாலும் நடுகல்லை மாண்டவனுக்கு வைக்கிறோம். உழைத்தவனுக்கு வர வேண்டியது கூலி.

அது நடக்காத காரியம் என்று சொல்ல வேண்டாம். 1990-இல் குவைத்தின் மீது ஈராக் படையெடுத்தபோது, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வேலையையும் சேமிப்பையும் விட்டு விமானமேறி வந்தார்களே, அவர்களையும் "பாவம்" என்றுதான் ஊர் சொன்னது. ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் அப்படிச் சொல்லவில்லை. குவைத்தில் இருந்தாயா, எப்போது வெளியேறினாய் என்று படிவத்தில் கேட்டது. நிரப்பிக் கொடுத்தவர்களுக்கு ஈராக்கின் எண்ணெய்ப் பணத்திலிருந்து தனியாளுக்கு 2,500 டாலர், சில வகைக்கு 4,000 டாலர் என்று 1990-களிலேயே பட்டுவாடா செய்தது. வாங்கியவர்களில் பலர் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனவர்கள்.